மச்சாளின் கையில் மயக்க ஊசி

“அவ என்ன மயக்கிறதெண்டா நான் இந்தக் கட்டில்லயே செத்துப்போறன். வேற ஆளக் கூப்பிடுங்க மிஸ்ஸி.”

நிருஷா சொன்னது தாதியிடம்தான். ஆனால் கால்மாட்டில் நின்ற மயக்க மருந்து வைத்தியர் யசோதினியின் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள். வலியில் சுருண்டு கிடந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எங்கிருந்தோ பலம் வந்திருந்தது.

வேறு ஆள் இல்லை. மயக்க மருந்து நிபுணர் விடுமுறையில் கண்டியில் இருந்தார். மற்ற வைத்திய அதிகாரி விடியற்காலை முதல் அடுத்த தியேட்டரில், ஷெல் காயத்தோடு வந்த ஒருவரின் தலைமாட்டில் இருந்தார். அந்தப் பங்குனி மாதத்தில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஆள் தெரிந்தெடுக்க வசதி இருக்கவில்லை.

பதினொரு நாளைக்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியபோது யசோதினியின் அம்மா புஸ்பமும், தம்பி உதயரூபனும், அவன் மனைவி நிருஷாவும் மண்முனைத்துறையில் பாதை என்கிற மிதவைப் படகேறி, வாவியைக் கடந்து, டவுனில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா நல்லரத்தினம் மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று அக்கரையிலேயே நின்றுவிட்டார். இரண்டு அறை வீட்டில் நான்கு பேர். அந்தப் பதினொரு நாளும் மச்சாள்மார் இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. யசோதினி சோறு போட்டு வைத்தால் நிருஷா தொடமாட்டாள். புருஷனிடம் பேசும்போதுகூட அவளை ‘டொக்டர்’ என்றுதான் சொல்வாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை யசோதினியால் மறுக்கவும் முடியாது.

மூன்று வருடங்களுக்கு முன், யசோதினி பயிற்சி வைத்தியராக இருந்த ஒரு வாட்டுக்குக் கல்லடிப் பக்கத்துப் பெண்ணொருத்தி வந்தாள். மூட்டெல்லாம் நோவு. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவந்த தடிப்பு. சொந்த உடம்பின் காவல்காரனே உடம்பை அடிக்கத் தொடங்குகிற வருத்தம் இது, பெயர் லூபஸ் என்று அவளுக்கு முதன்முதலில் சொன்னதே யசோதினிதான். அந்தப் பெண் அழவில்லை. ஒருவருக்கும் சொல்லமாட்டீர்கள்தானே என்று மட்டும் கேட்டாள். சொல்லமாட்டேன் என்று யசோதினி வாக்குக் கொடுத்தாள்.

அந்த வருடம் மார்கழியில் கடல் வந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவையும் வீட்டையும் கொண்டுபோனது. அடுத்த வருடம் அகதி முகாமில் நிவாரண வேலை செய்த உதயரூபன் அவளைக் கண்டு, அவளைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் வந்து பெயரைச் சொன்னான். பெயரைக் கேட்ட அன்று பின்னேரமே யசோதினி அம்மாவையும் அப்பாவையும் இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தம்பியின் வாழ்க்கை என்ற ஒரே நினைப்பில் சொன்னாள். தான் ஒரு வைத்தியர் என்ற நினைப்பு அப்போது வரவில்லை.

கல்யாணம் நிற்கவில்லை. கதையும் நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குள் மண்டூரில் இருந்த தூரத்துச் சொந்தம்வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. பெண் சீதனமாக வீடு கொண்டு வருகிற ஊரில், வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவளை, ‘வீடும் இல்ல, உடம்பும் இல்ல’ என்று மாமியார் புஸ்பம் வரவேற்றாள்.

இப்போது அந்த உடம்புதான் ஏழாம் கட்டிலில் கிடந்தது.

முதல் நாள் மத்தியானம் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி. யசோதினி டியூட்டியில் இருந்ததால் வீட்டில் இல்லை. புஸ்பம் ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்து, வேலைக்குக் கள்ளம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். விடிய ஐந்து மணிக்கு மருமகள் சத்தியெடுத்து மயங்கி விழுந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணர் பதியுதீன் வயிற்றில் கைவைத்த உடனே முடிவு சொல்லிவிட்டார். அப்பென்டிக்ஸ் வெடித்துவிட்டது. ஒன்பது மணிக்குள் திறக்கவேண்டும். கொழும்புக்கு அனுப்பலாமா என்று உதயரூபன் கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

“எத்தின செக்பொயின்ட் தம்பி? மன்னம்பிட்டி தாண்டக்குள்ள புள்ள மௌத்தாப் போயிரும்.”

யசோதினி கட்டிலின் பக்கத்தில் போனாள். நிருஷா முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பினாலும் உடம்பு எதையும் மறைக்கவில்லை. இரத்த அழுத்தம் எண்பத்தெட்டு. நாடி நூற்றிமுப்பது. முகம் மட்டும் வட்டமாக உப்பியிருக்க, கையும் காலும் ஈர்க்கு மாதிரி இருந்தன. ஊசி போட்ட இடத்தில் தோல் கடதாசியாகக் கிழிந்து நீலம் பாய்ந்திருந்தது. விரல் நுனிகள் குளிரில் வெளிறியிருந்தன. குரல் கரகரத்தது. பதினொரு நாளாக அந்தக் கரகரப்பு வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தடிமன் சளி என்று நினைத்திருந்தாள்.

என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள் நிருஷா. தலைமாட்டில் நின்ற புஸ்பம் குறுக்கே புகுந்து, ரெண்டு வருடமாக இங்கிலிஷ் மருந்தே கிடையாது, நாட்டுப் பரிசாரியாரின் கசாயத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று வாட்டுக்கே கேட்கச் சொன்னாள்.

பொய். கசாயம் குடிக்கிறவளின் முகம் இப்படி உப்பாது. இது ஸ்டெரொய்ட் குளிசை வருடக்கணக்கில் எடுத்த முகம். அந்தக் குளிசையை நெடுநாள் எடுத்தவருக்கு உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்துவிடும். ஒப்பரேஷன் என்கிற அதிர்ச்சியைத் தாங்க அந்தச் சுரப்பு வேண்டும். வெளியிலிருந்து ஊசியாகக் கொடுக்காவிட்டால் மேசையிலேயே அழுத்தம் விழும், எழும்பாது. அதைக் கண்ணால் பார்த்தே யசோதினி தெரிந்துகொண்டாள். யாரையும் கேட்காமலே கொடுக்கலாம்.

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று இரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்தது. இரத்தம் உறைய எடுக்கிற நேரம் இரட்டிப்பாகக் காட்டியது. உறையவைக்கும் தட்டணுக்களும் குறைவு. பதியுதீன் அதைப் பார்த்துவிட்டு, இரத்தம் நிற்காது, பிளாஸ்மா உருக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். முறையான யோசனைதான். ஆனால் லூபஸ்காரர் சிலரின் இரத்தம் குழாயில் உறையாது, உடம்புக்குள் உறையும். அப்படியானவருக்குப் பிளாஸ்மா ஏற்றி, மூன்று நாள் படுக்கையில் போட்டால் இரத்தக்கட்டி காலில் பிடித்து நெஞ்சுக்கு ஏறும். இரண்டில் எது என்று எந்த மெஷினும் இந்த ஆஸ்பத்திரியில் அன்று சொல்லாது. கண்டிக்குக் கோல் எடுத்தபோது நிபுணரும் அதையேதான் சொன்னார்: “ஹிஸ்டரியைக் கேளுங்க. புள்ளத்தாச்சி வரலாற்றைக் கேளுங்க. முந்திக் கால் வீங்கினதா எண்டு கேளுங்க.”

குடும்பத்துக்குத் தெரிந்தவரை ஒரே ஒரு தடவை நாலாம் மாதத்தில் பிள்ளை அழிந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததால் என்று புஸ்பம் சொல்லிவந்தாள்.

யசோதினி எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். அம்மா போகமாட்டேன் என்றாள். தன் மகனின் பெண்சாதிக்கு என்ன நடக்கிறதென்று தனக்குத் தெரியவேண்டும் என்றாள். யசோதினி தாதியிடம் திரையை இழுக்கச் சொல்லி, அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பி வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். தாயைத் தள்ளுகிற மகள் என்று புஸ்பம் நடைபாதை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது கேட்டது.

திரைக்குள் இருவரும்தான்.

“எத்தின தடவ புள்ள தங்கினது, நிருஷா?”

நிருஷா சுவரையே பார்த்துக் கிடந்தாள்.

“இது உன்ட உயிருக்காகக் கேக்கிறன். உன்ட ரத்தம் கட்டிபடுற ரத்தமா, ஓடுற ரத்தமா எண்டு எனக்குத் தெரியவேணும்.”

நிருஷா மெல்லத் திரும்பினாள். கண்ணில் காய்ச்சலின் சிவப்பு. அதற்கும் மேலாக வேறொன்றும் இருந்தது.

“ஒருக்கா ஒங்களுக்குச் சொன்னன் டொக்டர். மறுகா அத மண்டூர்ல கேட்டன்.”

யசோதினியிடம் அதற்குச் சொல்ல ஏதாவது இருந்திருந்தால் இரண்டு வருடத்தில் சொல்லியிருப்பாள். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. இந்த நேரத்தில் அதைக் கேட்பது நோயாளியிடம் விலை பேசுவது மாதிரி என்று தோன்ற, விழுங்கிவிட்டாள்.

“நான் பிழை செஞ்சன்,” என்றாள். “நீ என்ன நம்பத் தேவையில்ல. ஆனா சொல்லாட்டி நான் குருட்டு வாக்கில ஒரு பக்கம் போகவேணும். பாதிக்குப் பாதிதான்.”

வலி ஒரு தடவை வந்து போனது. நிருஷா பல்லைக் கடித்து அதை அனுப்பிவிட்டுப் பேசினாள். மூன்று தடவை. நாலாம் மாதத்தில் போனது முதலாவது. அதற்குப் பிறகு இரண்டு, இரண்டும் மூன்று மாதம் ஆகுமுன். கடைசியாகத் தைப்பொங்கல் கழிந்த கிழமை. புருஷனுக்குத் தெரியாது. இன்னொரு பிள்ளை தங்காவிட்டால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று மாமி சொல்லியிருந்தாள். போன வருடம் இடது கால் தொடைவரை வீங்கி இரண்டு கிழமை கிடந்தது. குளவி குத்தினது என்று சொன்னாள். குளிசையும் நிறுத்தவில்லை. சந்தைக்குப் போகிற சாட்டில் காத்தான்குடிப் பாமசி ஒன்றில் வாங்கி, அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துத் தினமும் விழுங்கினாள். பாதையேறி வந்த அன்று மாமி பக்கத்திலேயே நின்றதால் பெட்டிக்குள் கைவிட முடியவில்லை. பதினொரு நாளாகக் குளிசை இல்லை.

பதினொரு நாளும் அவள் பாயில் சுருண்டு கிடந்ததை யசோதினி பார்த்தாள். எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்து நடந்ததையும் பார்த்தாள். முகம் கொடுக்க விருப்பமில்லாமல் கிடக்கிறாள் என்று நினைத்தாள். மயக்க மருந்து வைத்தியர், தன் வீட்டுக்குள்ளேயே.

“தியேட்டருக்குள்ள தெரியவேண்டிய ஆக்களுக்குத் தெரியட்டும்,” என்றாள் நிருஷா. “எங்கட வீட்டுக்குள்ள ஒருத்தருக்கும் தெரியப்படாது. அவருக்கும்தான். நான் செத்தாலும்தான்.”

“ஓம்.”

“ஒங்கட ஓம் எனக்குத் தெரியும்.” அவள் பேனையை வாங்கித் தாளில் கையெழுத்துப் போட்டாள். “வேற வழியில்லாமத்தான் போடுறன்.”

தியேட்டரில் முதல் சண்டை பிளாஸ்மாவில் தொடங்கியது. உருக்கிய பைகள் வந்து நின்றன. யசோதினி ஏற்றமாட்டேன் என்றாள். ரிப்போட் ஒன்று சொல்கிறது, நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள், வயிற்றுக்குள் இரத்தம் பெருகினால் கைகட்டி நிற்கப்போவது நான் என்று பதியுதீன் சீறினார். மூன்று தடவை பிள்ளை அழிந்ததையும் கால் வீங்கியதையும் அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் பைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். இரத்தம் பெருகினால் உங்கள் பெயரைத்தான் எழுதுவேன் என்றும் சொன்னார். எழுதுங்கள் என்றாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் விறைக்கவைக்கும் வழி இல்லை. தட்டணு குறைந்த உடம்பில் முள்ளந்தண்டுக்குள் இரத்தம் கசிந்தால் கால் இரண்டும் போய்விடும். முழு மயக்கம்தான். யசோதினி முதலில் ஹைட்ரோகோட்டிசோன் கொடுத்தாள். குளிரில் வெளிறிய விரலில் ஒட்சிசன் மானி ஒன்றும் காட்டவில்லை. கழற்றிக் காதுச் சோணையில் மாட்டினாள். கால்களைச் சுற்றிக் கட்டி, சூடாக்கிய சேலைனைத் திறந்துவிட்டாள். வழக்கமான மூச்சுக் குழாயோடு இன்னும் மூன்று சிறிய குழாய்களைத் தாதி சீதேவிப்பிள்ளையின் தட்டில் அடுக்கச் சொன்னாள். குரல் கரகரப்பது தொண்டைக்குள் குரல்நாண் மூட்டிலும் லூபஸ் இருப்பதால் இருக்கலாம்.

நிருஷா விளக்கைப் பார்த்துக் கிடந்தாள். முகமூடியை வைத்தபோது கண்ணை மூடவில்லை. கடைசி நொடிவரை யசோதினியின் கண்ணையே பார்த்திருந்தாள். நன்றியோ பயமோ அந்தப் பார்வையில் இல்லை. கணக்கில் வைத்திருக்கிறேன் என்கிற பார்வை.

மயக்க மருந்து பாதி அளவுதான். வயிற்றில் உள்ளது மேலேறாமல் சீதேவிப்பிள்ளை கழுத்தை அழுத்திப் பிடித்தாள். ஏழாம் நம்பர்க் குழாய் போகவில்லை. ஆறும் போகவில்லை. குரல்நாண்கள் வீங்கி, ஒரு கீற்று இடைவெளிதான் தெரிந்தது. மானி தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூறுக்கு வந்தது. எண்பத்தாறு. பதியுதீன் மூச்சுக்கு வழி வெட்டக் கத்தியைக் கையில் எடுத்துக் கழுத்தின் பக்கம் நகர்ந்தார். யசோதினி ஐந்தரையைக் கேட்டு வாங்கினாள். இப்போது தள்ளினால் கிழியும். மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தக் கீற்று தானாக விரியும்வரை ஒரு நொடி காத்து, உள்ளே விட்டாள். நெஞ்சு எழும்பியது.

வயிற்றைத் திறந்து சீழை உறிஞ்சத் தொடங்கியபோது அழுத்தம் ஐம்பத்தெட்டுக்கு விழுந்தது. இரண்டாவது சேலைன், துளித் துளியாக அட்ரினலின். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டிலேயே நின்றது. குளிசை விட்ட பதினொரு நாளைத் தெரியாமல் இருந்திருந்தால் இது இரத்தப்போக்கு என்று நினைத்து வேறு பக்கம் ஓடியிருப்பாள். அவள் ஓடவில்லை. காத்தாள். பத்து நிமிடம் கழித்து எழுபது. பிறகு எண்பத்தைந்து.

இரத்தம் பெருகவில்லை. தையல் போடும்போது பதியுதீன் அவளைப் பார்க்காமலே, பெயர் எழுதத் தேவையில்லை என்றார்.

பதினொன்றரைக்கு அவள் வெளியே வந்தபோது நடைபாதை வாங்கில் புஸ்பமும் உதயரூபனும் இருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சொன்னாள். உதயரூபன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். புஸ்பம் மூடவில்லை.

திரையை மூடி அரைமணித்தியாலம் என்ன பேசினாய் என்று அம்மா கேட்டாள். மருந்து விசயம் என்றாள் யசோதினி. மருந்து விசயத்துக்கு ஏன் தாயைத் தள்ளவேண்டும்? பிள்ளைப் பேச்சு இல்லாவிட்டால் தியேட்டருக்குள்ளிருந்து வெளியே வந்த மிஸ்ஸி ஏன் தன்னிடம், எத்தனை பிள்ளை அழிந்தது என்று கேட்டாள்? ஒன்றுதான் என்று சொன்னதும் அந்த மிஸ்ஸியின் முகம் ஏன் மாறியது?

உதயரூபன் கையை எடுத்தான். அவன் எழும்பி அக்காவின் முன் வந்து நின்றான்.

“தைப்பொங்கலுக்குப் பிறகு அவள் மூணு நாள் எழும்பல்ல. வயித்தோட்டம் எண்டு சொன்னாள். அது என்னக்கா?”

“அத அவள் முழிச்சாப் பிறகு அவளிட்டக் கேளு.”

“நான் ஒன்னட்டக் கேக்கிறன்.”

“நான் சொல்ல ஏலா.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை யசோதினி தன் தம்பியின் முகத்தில் முன்பு பார்த்ததில்லை.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி நான் கேக்காமலே வீட்ட கூட்டி வெச்சுச் சொன்னாய். இண்டைக்கு வந்து கேக்கிறன், வாய் திறக்க ஏலாதோ?”

அன்று சொன்னது பிழை, அதனால்தான் இன்று சொல்லவில்லை என்று அவள் விளக்கப் பார்த்தாள். அந்த விளக்கத்தின் பாதியிலேயே அதுவும் ஒரு பதிலாகிவிடுகிறது என்று தெரிந்து நிறுத்தினாள். நிறுத்திய இடத்தை அவன் பார்த்துக்கொண்டான்.

“காணும். நீ சொல்லாம நிக்கிறதிலயே எல்லாம் இருக்கு.”

தனக்கு ஒரு மகளே இல்லை என்று புஸ்பம் சொன்னாள். அவளுடைய வீட்டில் இனி ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டேன், பள்ளிக்கூட முகாமில் சனத்தோடு சனமாய்ப் படுப்பேன் என்றாள். உதயரூபன் திரும்பி நடந்தான். கொஞ்ச நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமிப் போனது.

நாலு மணிக்கு நிருஷாவின் குழாயைக் கழற்றினார்கள். யசோதினி பக்கத்திலேயே நின்று மூச்சை எண்ணினாள். சிறுநீர் இறங்கியது. அழுத்தம் நூற்றுப்பத்து. இரத்தம் கட்டாமல் இருக்கப் பின்னேரம் போடவேண்டிய ஹெப்பரினை எழுதி வைத்தாள்.

ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துவிட்டார்கள். மற்றக் கட்டில்களுக்கு ஒவ்வொருவராகச் சனம் வந்தது. ஒருத்தி புருஷனின் காலைத் தடவினாள். ஒரு கிழவர் மகனுக்கு ஜபம் சொன்னார். நிருஷா தலையைத் திருப்பிக் கதவையே பார்த்துக் கிடந்தாள். ஐந்தே கால். ஐந்தரை. ஏழாவது தடவையாகக் கதவு திறந்து, அவளுக்கு இல்லாத ஒருவர் உள்ளே வந்தார்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை யசோதினி வெளியே போய்த் தம்பிக்குக் கோல் எடுத்தாள். போன் நிற்பாட்டிக் கிடந்தது. பள்ளிக்கூட முகாமுக்கு ஆள் அனுப்பிக் கேட்டாள். அம்மா மட்டும்தான் அங்கே இருந்தாளாம். மகன் எங்கே என்று அவளுக்கும் தெரியாதாம்.

ஆறு மணிக்கு மணியடித்தது. சனம் எழும்பிப் போனது. கதவைச் சாத்தினார்கள்.

“சொல்லிட்டீங்க,” என்றாள் நிருஷா. குரல் காற்றாகத்தான் வந்தது.

“இல்ல. ஒருத்தருக்கும் சொல்லல்ல.”

நிருஷா அவளை நெடுநேரம் பார்த்தாள். காலையில் முகமூடிக்கு மேலால் பார்த்த பார்வையில் இருந்த கோபம்கூட இப்போது இல்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்டவரின் சலிப்புத்தான் இருந்தது.

“அப்ப அவர் எங்க?”

யசோதினி வாயைத் திறந்தாள். அந்த நாள் முழுக்க அவள் காத்த வாக்கை நம்பவைக்க அவளிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை.